தானாக முட்டி தேய்த்துக்கொண்ட குதிரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் குதிரை லாயம் நடத்திவரும் மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

தங்களிடம் மாதக் கட்டணத்தில் குடியிருக்கும் சுல்தான் என்னும் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையின் உரிமையாளர் எழுதுவது.

திங்கட்கிழமை முற்பகல் தாங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. ‘இரவு கொட்டடியில் குதிரை தானாகவே லேசாக அடிபட்டுக்கொண்டது, பயப்பட ஒன்றுமில்லை’ என்று எழுதி, கீழே கைகூப்பும் படம் ஒன்றும் போட்டிருந்தீர்கள். அந்தக் கைகூப்பலைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. மருத்துவரைக் கையோடு கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வந்து பார்த்ததும் சுல்தான்மேல் எனக்கிருந்த மதிப்பு பன்மடங்காகிவிட்டது. முன்னங்கால் இரண்டிலும், சரியாக முட்டியில், ஒரே உயரத்தில், ஒரே அகலத்துக்குத் தோல் வழன்றிருந்தது. ஒரு காலைத் தேய்த்துக்கொண்ட பிறகு நிதானமாக அளவெடுத்து மறுகாலையும் தேய்த்திருக்க வேண்டும். அதுவும் எங்கே? மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்ட கொட்டடியில். மருத்துவர் காயத்தைக் கழுவி, இடுக்கியால் எதையோ ஒவ்வொன்றாக எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார். டிங், டிங் என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கருங்கல் ஜல்லித் துணுக்கு. ஒன்றிரண்டில் தார் ஒட்டியிருந்தது. வைக்கோலில் தார் விளையும் வித்தையைத் தாங்கள் வேளாண்மைத் துறைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ரோட்டில் கால் இடறி முன்பக்கமாக விழுந்த குதிரைக்கு முட்டி இப்படித்தான் தேயும் என்று குதிரையோடு பழகியவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கென்ன தெரியும்.

‘லேசாக’ என்ற சொல்லைப் பற்றியும் மருத்துவர் கொஞ்சம் பேசினார். குதிரையின் முன்னங்காலில் நாம் முட்டி என்பது எலும்புக் கணக்கில் பார்த்தால் நம்முடைய மணிக்கட்டாம். அங்கே சதைப்பற்று கிடையாது. தோலைத் தாண்டினால் மூட்டுதான். காயம் மூட்டுக்குள் இறங்கியிருந்தால் சில மணி நேரத்துக்குள் உள்ளே கழுவிவிட்டாக வேண்டும். கிருமி தங்கிவிட்டால் அந்தக் குதிரை மறுபடி நடப்பதே சந்தேகம். போதாக்குறைக்கு, டெட்டனஸ் கிருமிக்குக் குதிரையைப்போல எளிதில் இரையாகிற பிராணிகள் குறைவு. இத்தனைக்கும் நடுவில் ராத்திரி பட்ட காயத்தை முற்பகல் வரை ஆறப்போட்டு, அதன்மேல் மஞ்சளையும் அப்பி வைத்திருந்த தங்கள் நிதானம் யாருக்கு வரும்! சுல்தானின் அதிர்ஷ்டம், மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாயத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரைகள் காயப்பட்ட சம்பவம் நம் ஊருக்குப் புதிதல்ல. மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு அனுப்ப, அவை பாண்டியன் லாயத்தில் நள்ளிரவில் மீண்டும் நரிகளாகி, கட்டியிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிய கதை நமக்குத் தெரியும். தங்கள் லாயத்திலும் அப்படி ஏதாவது திருவிளையாடல் நடந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அந்த லாயக்காரர்கள் விடிந்ததும் அரசனிடம் ஓடிப்போய்ச் சொன்னார்கள் என்பதுதான் சின்ன வித்தியாசம். பாண்டிய நாட்டில் ஆயிரக்கணக்கில் வாங்கும் குதிரைகள், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லாமல் வருடத்துக்குள் செத்துப்போகின்றன என்று 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். செத்தால்தானே அடுத்ததை விற்கலாம் என்று வணிகர்கள் குதிரை வைத்தியர்களை அந்தப் பக்கமே விடவில்லையாம். தாங்கள் அப்படியல்ல, மருத்துவரை கேட்டில் அரைமணி நேரம் நிறுத்திவைத்தாலும் கடைசியில் உள்ளே விட்டீர்கள்.

ஊசி போடுவதற்காக மருத்துவர் பிடரி மயிரை விலக்கியபோது உள்ளேயிருந்து ஒரு ஜிகினாத் தட்டு விழுந்தது. ரோஜா நிறம், நடுவில் ஓட்டை, அதில் ஓர் அங்குலம் சரிகை நூல். முந்தின நாள் முகூர்த்த ஞாயிறு. லாயத்திலிருந்து கூப்பிடு தூரத்து ரிசார்ட் ஒன்றில் வடநாட்டுக் கல்யாணம். பேண்டு, பட்டாசு, குதிரைமேல் மாப்பிள்ளை என்று பராத் ஊர்வலம் அமர்க்களப்பட்டதாம். இரண்டையும் நான் முடிச்சுப் போடுவதாக நினைக்க வேண்டாம். சுல்தான் வெள்ளைக் குதிரைதான். ஆனால் மாப்பிள்ளையைச் சுமப்பது பெண் குதிரை என்பது அவர்கள் வழக்கம். சுல்தானோ காயடித்த ஆண். கல்யாண அவசரத்தில் அதையெல்லாம் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

சேர்க்கும்போது கையெழுத்து வாங்கிய படிவத்தைத் தங்கள் மேலாளர் நினைவூட்டினார். ‘குதிரைகள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் மட்டுமே’ என்ற வரியின் கீழ் விரல் வைத்துக் காட்டினார். சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் நிம்மதியாக இருந்த வாசகம், பாவம், இவ்வளவு தூரம் வந்துவிட்டது. 1998-இல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் சாவியோடு ஒப்படைத்த மாருதி ஜென் கார் திருடுபோனது. அங்கேயும் இதே வாசகத்தைத்தான் நீட்டினார்கள். தன்னிடம் விட்ட பொருளை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதை ஹோட்டல் முதலில் நிரூபிக்கட்டும், சீட்டு வாசகத்தைப் பிறகு பார்க்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு அது. மூன்று பிரிவு தள்ளி 154 இருக்கிறது: ஒப்படைத்த பொருளைப் பேசாத வேலைக்குப் பயன்படுத்தி, அப்போது அதற்குச் சேதம் வந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டும். பேசிய வேலை காலையில் நடை, வேளைக்குக் கொள்ளும் புல்லும். பராத் பட்டியலில் இல்லை.

பட்டாசுக்கு மிரளும் குதிரை என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று வாதிடலாம். அதே படிவத்தில் ‘வெடிச் சத்தத்துக்கு மிரளுவான்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் தங்கள் மேலாளர் பச்சை மையில் டிக் போட்டிருக்கிறார்.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம். 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தங்கள் வளாகத்தில் ஓர் இளநீருக்குக்கூட அது காணாது.

நேற்று இந்த மாதத்து பில்லும் வந்துசேர்ந்தது. மருத்துவருக்காகக் குதிரையைப் பிடித்துக்கொண்ட கூலி 500 ரூபாய், சரி, பிடித்தீர்கள். அடுத்த வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன். ‘ஞாயிறு மாலை, வெளிநடை, சிறப்புப் பயிற்சி: 1,200’. பராத்துக்கு வாடகை வாங்கிய கையோடு, போய்வந்ததற்கு என்னிடமும் கட்டணம் கேட்கும் நேர்மை தங்கள் கணக்காளருக்கு இருக்கிறது. அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள். அந்த பில்லை நகலெடுத்து வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டேன்.

மருத்துவச் செலவு ரசீதுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கேட் பதிவேட்டின் பக்கத்தைத் தாங்கள் அனுப்பிவையுங்கள். கிழிந்துபோயிருந்தால், அது தானாகக் கிழிந்த நேரத்தையும் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
சுல்தானின் உரிமையாளர்

பி.கு.: கவனக்குறைவு என்று சொல்லி சுல்தானைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரரை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகக் கேள்வி. அன்று ராத்திரி முட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவியது அவர் ஒருவர்தான் என்று பக்கத்துக் கொட்டடிக்காரர்கள் சொல்கிறார்கள். நான் எவ்வளவு கேட்டும் தங்களைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நிறுத்துவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் நிறுத்திவிடுங்கள். ஞாயிறு காலை சுல்தானை ஏற்றிப்போக லாரி வருகிறது. அவரையும் அதிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன்.