முட்டை விலையும் டி-பஸ்ஸும்

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் இன்றைய முட்டை விலையை அறியப் பண்ணை பண்ணையாக அலைவதில்லை. 1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாமக்கல்லிலிருந்து ஒரு விலை சொல்லும். கொல்லிமலை அடிவாரம் முதல் மோகனூர் வரை எல்லாருக்கும் சேர்ந்துவிடும். பிடித்தால் சிரிக்கலாம், இல்லாவிட்டால் தலையில் கை வைக்கலாம், சொன்னவருக்குக் கவலையில்லை.

இதே வேலையை ஒரே கணினிக்குள் ஓடும் நிரல்களுக்குச் செய்து கொடுக்கப் பெரிய மூளைகள் அரை நூற்றாண்டு முட்டி மோதின.

பெல் ஆய்வகத்தில் 1969-இல் பிறந்தது யூனிக்ஸ். அதில் ஒரு நிரலின் நினைவகத்துக்குள் இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. நிரல்களைக் குழாய் போட்டு இணையுங்கள் என்று 1964-லிருந்தே நச்சரித்து வந்தார் அதே ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய். 1973-இல் கென் தாம்சன் ஒரே ராத்திரியில் பைப்பைச் செய்து முடித்தார். அதற்கு ஒன்பது வருஷ நச்சரிப்பு! அப்போதும், பைப்பில் போட்டதை ஒருவர் எடுத்துவிட்டால் அடுத்தவருக்குக் கிடைக்காது. எல்லாருக்கும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டுமா? சிக்னல் இருந்தது. முழு அதிகாரமுள்ள ரூட்டாக உட்கார்ந்து 'கில் -9 -1' என்று தட்டினால் செய்தி சகலருக்கும் போய்ச் சேரும். முதல் நிரலான இனிட் ஒன்றைத் தவிர, கேட்டவர் யாரும் உயிரோடு இருக்கமாட்டார்கள்.

விண்டோஸ்காரர்கள் வேறு விதம். எல்லா ஜன்னலுக்கும் செய்தி அனுப்ப வசதி வைத்தார்கள். நடுவில் ஒரு ஜன்னல் உறைந்துபோனால், அனுப்பிய நிரலும் அதன் பதிலுக்காக வாயைப் பிளந்து நிற்கும்.

லினக்ஸில் டெஸ்க்டாப் செய்யும் இரு கோஷ்டிகளில், நிரல்கள் பேசிக்கொள்ள கேடிஇ கோஷ்டி டிகாப் என்றது, க்னோம் கோஷ்டி கோர்பா என்றது. 2002-இல் ஹாவாக் பென்னிங்டன் கூட்டம் டி-பஸ்ஸைத் தொடங்கியது. ஒன்றாம் பதிப்பு வர 2006 ஆயிற்று. ஒருவர் அறிவிப்பார், பதிந்து வைத்தவர் மட்டும் கேட்பார். ஏறக்குறைய நாமக்கல் முறைதான். தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸுக்குள்ளும் இது ஓடியது. பிள்ளைகள் அந்தப் பக்கம் போனார்களா என்பது வேறு கதை.

டி-பஸ் மெதுவென்று, அதை லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஏற்ற 2015-இல் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் 'கேடிபஸ்'ஸைக் கொண்டுவந்தார். மின்னஞ்சலில் பெரும் சண்டை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அளந்து பார்த்துவிட்டு, மெதுவாக இருப்பது கெர்னலால் அல்ல, டி-பஸ் நிரலே அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றார். கேடிபஸ் உள்ளே வரவேயில்லை.

ஆண்ட்ராய்டு மட்டும் அறிவிப்பை அள்ளி வீசியது. நெட்வொர்க் மாறினால் போதும், தூங்கும் செயலிகளெல்லாம் எழுந்து பேட்டரியைக் குடித்தன. எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் மல்லுக்கட்டியதன் பலன், 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இல் தெரிந்தது: தூங்கும் செயலிகள் பெரும்பாலான பொது அறிவிப்புகளைக் கேட்கத் தடை.