மாலையிட்ட படம் ஒன்று கோரும் விண்ணப்பம்

சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் வீற்றிருக்கும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியத்துச் செயற்குழுவின் சமூகத்திற்கு,

பொருள்: 2008-இல் காலமான இன்டர்டோட்டோ கோப்பைக்கு உரிய மரியாதை வேண்டுதல்.

மேற்படி கோப்பையை 1961-இல் உருவாக்கியவர்கள் சுவிஸ் நிர்வாகி எர்ன்ஸ்ட் தோம்மனும் ஆஸ்திரியப் பயிற்சியாளர் கார்ல் ராப்பானும் ஆவர். ஆட்டங்களின் முடிவை ஊகித்துப் பணம் கட்டும் பந்தயத்துக்கு ஜெர்மன் மொழியில் டோட்டோ என்று பெயர் என்பதாலும், கோடையில் லீக் ஆட்டங்கள் ஓய்ந்து பந்தயச் சீட்டுகளுக்கு வேலையின்றிப் போனதே இப்போட்டி பிறக்கக் காரணம் என்பதாலும், தன் பிறப்பின் நோக்கத்தைப் பெயரிலேயே ஒளிக்காமல் சொன்ன கோப்பை இதுவொன்றே எனலாம். சூதின் வாடை படாமல் முப்பத்து நான்கு ஆண்டுகள் எட்ட நின்ற ஒன்றியம், 1995-இல் அதைத் தத்தெடுத்தது. (பந்தய நிறுவனங்களின் பெயரை மார்பில் தாங்கி ஆடும் அணிகள் இன்று ஐரோப்பியக் களங்களில் உலவுவதைப் பார்க்கையில், அந்த ஆசாரம் நன்றாகவே இளகியிருக்கிறது.)

தத்தெடுத்த ஆண்டிலேயே, விருப்பமின்றி இழுத்துவரப்பட்ட டாட்டன்ஹாம் அணி இளம் ஆட்டக்காரர்களை அனுப்பிக் கொலோன் அணியிடம் 0–8 என்று தோற்றது. எனினும் அதே ஆண்டில் இக்கோப்பையின் வழியே ஒன்றியத்தின் மற்றொரு போட்டியான யூஈஎஃப்ஏ கோப்பைக்குள் நுழைந்த போர்தோ அணி, ஜிடானின் கால்களை நம்பி மிலானை வீழ்த்தி, அதன் இறுதியாட்டம் வரை சென்றதை ஒன்றியத்தின் ஆவணக் காப்பகம் மறந்திருக்காது.

வெற்றியாளரைத் தீர்மானிப்பதில் இக்கோப்பை காட்டிய தாராளம் தனித்துப் பேசத்தக்கது. 1967 முதல் 1994 வரை இறுதியாட்டமே கிடையாது. குழுவில் முதலிடம் பெற்றோர் அனைவரும் வென்றோரே. 2006 முதலோ ஆண்டுக்குப் பதினொரு வெற்றியாளர்கள், அவர்களுள் யூஈஎஃப்ஏ கோப்பையில் அதிக தூரம் செல்பவரே தலையாய வெற்றியாளர். அதன்படி, இங்கிலாந்து லீகில் ஏழாம் இடம் பிடித்த நியூகாசில், 2007 மார்ச்சில் ஆல்க்மார் அணியுடன் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4–4 எனச் சமநிலை கண்டு, எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பளிக்கும் விதியால் வெளியேற்றப்பட்டது. மற்றப் பத்து அணிகளைவிடவும் தாமதமாகத் தோற்றது என்பதே அதன் பட்டத்துக்குத் தகுதியாயிற்று. தோல்வியைக் கணக்கிட்டுப் பட்டம் அளிக்கும் இந்த நுட்பத்தை வேறெந்த அவையும் கண்டறிந்ததில்லை. நியூகாசிலை வெளியேற்றிய அவ்விதியையும் ஒன்றியம் 2021-இல் நீக்கிவிட்டது.

இக்கோப்பையை முடித்த அதே ஒன்றியம், சிறிய அணிகளுக்கும் வாய்ப்பு வேண்டும் என்று 2021-இல் கான்பரன்ஸ் லீக் என்னும் மூன்றாம் நிலைப் போட்டியைத் தொடங்கியிருப்பதால், முன்னோருக்குச் செய்ய வேண்டிய கடன் நிலுவையில் இருக்கிறது. ஆகவே அப்போட்டிக்குக் குலுக்கல் நடக்கும் மண்டபத்தின் ஒரு மூலையில், இன்டர்டோட்டோவின் மாலையிட்ட படம் ஒன்றை மாட்டிவைக்குமாறு பணிந்து வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
ஏழாம் இடத்து அணிகளின் அபிமானிகள்