அதோ, அந்தக் கிளையில்: பறவை காட்டுதல் குறித்த முன்னோட்ட ஆய்வு

வலசை வரும் பறவை எப்படித் திசையறிகிறது என்று நிறையப் பேர் ஆராய்ந்துவிட்டார்கள். வந்து உட்கார்ந்த பறவையைப் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டுவது எப்படி என்பதைத்தான் யாரும் தொடவில்லை. மார்கழி, தை மாதக் காலைகளில் சென்னையின் பூங்காக்களிலும் கழிமுகங்களிலும் வீணாகும் மனித உழைப்பில் பெரும்பங்கு இதில்தான் போகிறது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

கருவிகளில் மூத்தது விரல். நீட்டியவரின் கண்ணுக்கு அது பறவையைத் தொடுகிறது. ஓரடி தள்ளி நிற்பவருக்கு அதே விரல் அடுத்த மரத்தைக் காட்டுகிறது. "எங்க சார்?" "அதோ, அந்தக் காய்ஞ்ச கிளை." கிண்டிப் புதர்க்காட்டில் காய்ந்த கிளைக்குப் பஞ்சமா? ஆள் வருவதை ஊருக்கே அறிவிக்கும் ஆள்காட்டிக் குருவிக்கு இந்தச் சிரமமெல்லாம் கிடையாது.

விரலின் தோல்வியிலிருந்து பிறந்தது கடிகார நெறி. இதில் இரு பிரிவுகள் உண்டு. மரத்தின் உச்சியைப் பன்னிரண்டு என்று கொள்வோர் நெடுங்கடிகாரர். தமக்கு நேர் எதிரே இருப்பதைப் பன்னிரண்டு என்று கொள்வோர் கிடைக்கடிகாரர். பூங்காவுக்கு முன்னது, கடற்கரைக்குப் பின்னது என்பதே மரபு. இருவரும் ஒரே குழுவில் சேர்ந்துவிட்டால் "மூணு மணி!" என்ற கூவலுக்குப் பாதிப் பேர் வேறு மரத்தைப் பார்ப்பார்கள், ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நெடுங்கடிகாரருக்குச் சாதகமான சான்று ஒன்றே ஒன்று: விடியலிலும் அந்தியிலும் கத்துவதால் பெயர்பெற்ற ஆறுமணிக்குருவி, இரை தேடுவதும் மரத்தடிச் சருகில், அதாவது சரியாக ஆறு மணியில்.

கடற்கரையில் சிக்கல் வேறு வகை. அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலத்தின் தூண்களை விட்டால் அடையாளம் சொல்ல எதுவுமில்லை. சேற்றுத் திட்டில் நிற்பவை எல்லாம் உள்ளானும் உப்புக்கொத்தியும். எல்லாம் குளிர்காலச் சாம்பல் பழுப்பு. "ஓடுதே, அதுக்குப் பக்கத்துல" என்கிறார் காட்டுபவர். உப்புக்கொத்தியோ நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். சொல்லி முடிப்பதற்குள் ஓடியது நிற்கிறது, நின்றது ஓடுகிறது. துருவத்துத் தூந்திரத்தில் முட்டையிட்டுவிட்டு இத்தனை தூரம் வழி தவறாமல் வந்த கொசு உள்ளானை, இருபது அடி தூரத்தில் ஒரு பட்டதாரிக்குக் காட்ட முடிவதில்லை.

முக்காலியில் ஏற்றிய தொலைநோக்கி இதற்கெல்லாம் முடிவு கட்டும் என்று நம்பினார்கள். வல்லுநர் குனிந்து, திருகி, பறவையை நடு வட்டத்தில் நிறுத்தி, மூச்சை அடக்கியபடி விலகுகிறார். அடுத்தவர் வந்ததும் முதல் வேலையாகக் குழலை இரு கையாலும் ஆசையோடு பற்றுகிறார். வட்டத்தில் இப்போது இருப்பது சேறு.

"பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு சார், அருமை."

இந்தப் 'பார்த்தாச்சு'தான் நம் ஆய்வின் மையம். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறது, வல்லுநரின் முகத்தில் எதிர்பார்ப்பு நிற்கிறது; இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் இத்தகைய தாட்சண்யப் பறவைகளும் சேர்ந்திருக்குமோ என்று ஐயுற இடமுண்டு. மெய்யாகவே பார்த்தவர் 'அருமை' என்று சொல்வதில்லை. வாய் திறந்தபடி பேசாமல் நிற்பார், கூப்பிட்டாலும் நகரமாட்டார்.

ஐயம் தீர்க்கும் சோதனை ஒன்றை இக்கட்டுரையாளர் முன்வைக்கிறார். குளிர்காலத்தில் கிண்டி மரநிழலுக்கு வரும் கொடிக்கால் வாலாட்டியைக் காட்டிவிட்டு, அது வாலை எப்படி ஆட்டியது என்று கேட்க வேண்டும். மற்ற வாலாட்டிகள் மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். பார்க்காதவர் தப்பவே முடியாது என்ற உறுதியுடன் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவரிடமே கேட்கப்பட்டது.

"வால் எப்படி சார் ஆட்டுச்சு?"

"நல்லாவே ஆட்டுச்சு தம்பி."