அந்தக் காலத்து டிராக்டர் மாதிரி வருமா?

“அந்தக் காலத்து டிராக்டர் இரும்பு, இந்தக் காலத்து டிராக்டர் தகரம்” என்று டீக்கடை பெஞ்சில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர்களை நூறு வருடம் பின்னால் தள்ளி, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இறக்கிவிட வேண்டும். அங்கே வில்மட் குரோசியர் என்றொரு விவசாயி இருந்தார். ஃபோர்டு என்று பெயர் போட்ட டிராக்டர் ஒன்றை வாங்கினார். ஹென்றி ஃபோர்டின் கார் ஊரெல்லாம் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர் யாரும் அதைத்தான் வாங்கியிருப்பார்கள்.

அந்த வண்டிக்கும் ஹென்றிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மினியாபொலிஸில் சில கெட்டிக்காரர்கள் ஃபோர்டு என்ற பெயருள்ள ஓர் ஆளைத் தேடிப் பிடித்துக் கம்பெனியில் சேர்த்து, அந்தப் பெயரை வண்டியின் நெற்றியில் எழுதி விற்றுக்கொண்டிருந்தார்கள். வண்டி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பின்னால் அசல் ஹென்றி டிராக்டர் செய்ய வந்தபோது, ஒரு பக்கம் பங்குதாரர் தொல்லை, இன்னொரு பக்கம் இந்தப் போலி. சொந்தப் பெயரையே நேராக வைத்துக்கொள்ள முடியாமல் மகனையும் சேர்த்து ‘ஹென்றி ஃபோர்டு அண்டு சன்’ என்று தனிக் கம்பெனி போட்டு, வண்டிக்கு ‘ஃபோர்ட்சன்’ என்று பேர் சூட்டினார்.

குரோசியர் நம் ஆளாக இருந்திருந்தால் விதியை நொந்துகொண்டு, கேட்பவரிடமெல்லாம் “வண்டி தங்கம்” என்று சொல்லி அடுத்தவர் தலையில் கட்டியிருப்பார். அவரோ சட்டமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்துப் போய் உட்கார்ந்துவிட்டார். 1919-இல் ஒரு சட்டம் வந்தது. எந்த டிராக்டரானாலும் முதலில் பல்கலைக்கழகக்காரர்களிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். விளம்பரத்தில் சொன்ன குதிரைத்திறன் நிஜமாகவே இருக்கிறதா என்று அவர்கள் இழுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் நெப்ராஸ்காவில் விற்கலாம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்ட மாதிரி. 1920-இல் முதலில் தேறிய வண்டி ‘வாட்டர்லூ பாய்’. பரீட்சைக்கே வராமல் ஊரைவிட்டுப் போன கம்பெனிகளும் உண்டு. அவர்களுடைய வண்டிகளும் ‘அந்தக் காலத்து’ வண்டிகள்தான் என்பதைப் பெஞ்சுப் பெரியவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இன்று கண்ணில் படும் பழைய டிராக்டர் ஒவ்வொன்றும் பிழைத்துக் கிடந்தது. பிழைக்காதவை காயலான் கடைக்குப் போய், உருகி, கம்பியாகி, யாரோ ஒருவர் வீட்டுக் கான்கிரீட்டுக்குள் படுத்திருக்கின்றன. அவற்றுக்காகப் பெருமூச்சு விட ஆள் இல்லை.

சரி, அசல் ஃபோர்ட்சனுக்கு வருவோம். 1917-இல் பிறந்தது. தனியாகச் சட்டகம் கிடையாது. என்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு மூன்றின் வார்ப்புகளையும் ஒன்றோடொன்று முடுக்கிவிட்டால் அதுவே உடம்பு. இன்றைக்கும் நம்மூர் டிராக்டர்களின் எலும்புக்கூடு பெரும்பாலும் இதுதான், அந்த வகையில் கிழவருக்கு ஒரு கும்பிடு. விலையும் மலிவு. 1922-இல் ஹென்றி ஒரே அடியாக 395 டாலருக்கு இறக்கினார். போட்டிக்கு நின்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி தானும் விலையைக் குறைத்து, கூடவே ஒரு கலப்பையை இலவசமாகக் கொடுத்தது. ஆடித் தள்ளுபடியெல்லாம் நாம் கண்டுபிடித்தது அல்ல.

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கலப்பை மண்ணுக்குள் ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் பின் சக்கரம் நின்றுவிடும். என்ஜினுக்கு அது தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றும். சக்கரம் சுற்ற முடியாததால் வண்டியே பின் அச்சைச் சுற்றிக்கொண்டு எழும். முன் சக்கரம் வானத்தைப் பார்க்கும், அடுத்த நொடி முழு வண்டியும் மல்லாந்து ஓட்டுநர் மேல் விழும். இப்படிச் செத்தவர்கள் ஏராளம். போதாக்குறைக்குக் கிளப்புவதற்குக் கையால் சுழற்ற வேண்டும். குளிர் காலையில் அது கிளம்புவதற்குள் ஓட்டுநர் கிளம்பிவிடுவார். உழைக்கும் வண்டிதான், சந்தேகமில்லை. உடைமையாளரைவிட அதிக நாள் உழைத்த கேஸ்களும் இருந்திருக்கும்.

ஜெர்மன்காரர்கள் வேறு தினுசு. மன்ஹைம் நகரத்தில் 1921-இல் வந்த லான்ஸ் புல்டாக்குக்கு ஒரே சிலிண்டர். எந்த எண்ணெயை ஊற்றினாலும் குடிக்கும், கழிவு எண்ணெய் உட்பட. ஆனால் கிளப்புவது ஒரு சடங்கு. முதலில் ஊதுவிளக்கை வைத்து என்ஜின் தலையைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். பிறகு ஸ்டியரிங்கைத் தண்டோடு பிடுங்கி, பக்கவாட்டில் இருக்கும் ஃப்ளைவீலில் செருகிச் சுழற்ற வேண்டும். கை தவறினால் என்ஜின் எதிர்த் திசையில் ஓடத் தொடங்கும். முன் கியர் போட்டால் வண்டி பின்னால் போகும். இதைத்தான் ‘சிக்கல் இல்லாத பழைய வண்டி’ என்கிறார்கள்.

ஃபோர்ட்சனின் குட்டிக்கரணத்துக்கு மருந்து கண்டுபிடித்தவர் வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். 1909 கடைசி நாளில், தானே செய்த விமானத்தில் ஏறி அயர்லாந்தில் முதலில் பறந்தவர். ஆகாயத்தில் விழாதவருக்கு வயலில் டிராக்டர் விழுவது பொறுக்கவில்லை போலும். கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பதை விட்டு, கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என மூன்று புள்ளியில் வண்டியோடு கட்டினார். கலப்பை எதிலாவது முட்டினால் அந்த அழுத்தம் ‘டாப் லிங்க்’ எனும் அந்த மேல் கை வழியாக முன்னோக்கிப் பாயும். முன் சக்கரம் எழுவதற்குப் பதில் இன்னும் அழுத்தமாகத் தரையில் உட்காரும். சுமை கூடினால் ஹைட்ராலிக் தானே கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். இன்று நம் ஊரில் கொத்துக்கலப்பையோ ரோட்டவேட்டரோ பின்னால் மாட்டும் ஒவ்வொருவரும் அவர் வைத்த மூன்று புள்ளியில்தான் மாட்டுகிறார்கள்.

1938-இல் ஃபெர்குசன் ஒரு பொம்மை டிராக்டரைக் காட்டி ஹென்றி ஃபோர்டுக்கு விஷயத்தை விளக்கினார். இருவரும் கை குலுக்கினார்கள். வக்கீல் இல்லை, பத்திரம் இல்லை. இரண்டு மேதைகள் சந்தித்தால் இப்படித்தான், பத்திர எழுத்தருக்குப் பிழைப்பு போய்விடும். 1939-இல் ‘9என்’ டிராக்டர் வந்தது, விற்றது. ஹென்றிக்கு வயதாகி, பேரன் நாற்காலிக்கு வந்ததும், “எந்தக் கை, எந்தக் குலுக்கல்?” என்ற கட்டம் வந்தது. ஃபெர்குசன் 25 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-இல் 92.5 லட்சம் டாலரில் சமரசம். மறு வருடம் தன் கம்பெனியைக் கனடாவின் மாசி ஹாரிஸோடு இணைத்தபோது கணக்கில் பத்து லட்சம் டாலர் இழுபறி. “காசு சுண்டிப் பார்ப்போம்” என்றார் ஃபெர்குசன். சுண்டினார்கள். தோற்றார்.

அவருடைய சாம்பல் நிற டி.இ.20 டிராக்டர் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேல் பிறந்தது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலரிக்கு அண்டார்டிகாவில் கொடுத்த வேலை, எதிர்ப் பக்கத்திலிருந்து கண்டத்தைக் கடந்து வரும் விவியன் ஃபூக்ஸ் குழுவுக்காக வழியில் பொருள் சேமித்து வைப்பது. அவர் அதைச் செய்துவிட்டு, கையில் அந்த டிராக்டர் இருக்கிறதே என்று அப்படியே ஓட்டிக்கொண்டு போய் 1958 ஜனவரி 4-இல் தென் துருவத்தில் நிறுத்தினார். சக்கரத்தைச் சுற்றிப் பட்டை மாட்டியது போன்ற சில மாற்றங்கள் தவிர, அது ஏர் உழுகிற வண்டியேதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆளும் கொஞ்சம் திமிரும் இருந்தால் போதும் என்று செய்த இயந்திரம். பழைய டிராக்டருக்கு ஒரு பெருமை உண்டென்றால் அது இதுதான். இரும்பின் கனமெல்லாம் அப்புறம்.

அந்த வம்சம் சென்னைக்கும் வந்தது. 1960-இல் தொடங்கிய டாஃபே, மாசி ஃபெர்குசன் 35-இன் வழி வந்த வண்டிகளைச் செய்தது. அதுதான் நம்மூர் ‘மாசி’ 1035. சேற்று வயலில் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேறடித்து, மதியம் கரும்பு இழுத்து, இரவில் மாநாட்டுக்கு ஆள் ஏற்றிப் போன வண்டி. நாற்பது வருடம் ஓடியது என்பார்கள். அந்த நாற்பது வருடத்தில் கிளட்ச் பிளேட், நாசில், பம்ப், செல்ஃப் மோட்டார், டயர், சீட்டு எல்லாமே மாறியிருக்கும். மாறாமல் இருப்பது சாமி படமும் அதற்குக் கீழே எழுதிய பிள்ளைகளின் பெயரும்தான். மாற்ற முடிந்தது, அதனால் ஓடியது. பட்டறையில் படிக்காத பையன் ஒருவன் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வான். சொன்ன நோய் தப்பாக இருந்தாலும் பிரித்து மாட்டுவதற்குள் எப்படியோ சரியாகிவிடும்.

இனி புதுசு. இதைக் குறை சொல்வதற்கு முன் பெரியவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். ஜான் டியர் 2024-இல் காட்டிய ‘9ஆர்எக்ஸ்’ வண்டிக்கு 830 குதிரைத்திறன். ஹிலரியின் வண்டி முப்பதைக்கூடத் தொடவில்லை. செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே சால் பிடித்து ஓடுகிறது, சில சென்டிமீட்டர்கூட விலகாமல். நம் ஊரில் நிதானமாக இருக்கும் ஓட்டுநருக்கே அது கஷ்டம். ஸ்வீடன் 1959-இலேயே புது டிராக்டருக்குக் கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் கூண்டு கட்டாயம் என்றது. சாவு மளமளவென்று குறைந்தது. இழுப்பதில், எண்ணெயை மிச்சம் பிடிப்பதில், ஓட்டுபவரை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதில் புது வண்டியோடு பழசை ஒப்பிடுவதே அநியாயம்.

வம்பு எங்கே என்றால், கம்ப்யூட்டரும் கூடவே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு சென்சார் கோபித்துக்கொண்டால் 830 குதிரையும் மண்டியிடும். போல்ட்டைக் கழற்ற விவசாயிக்குத் தெரியும். ஆனால் கழற்றி மாட்டியதை வண்டி ஒப்புக்கொள்ள, கம்பெனி ஆள் மடிக்கணினியோடு வர வேண்டும். 2022-இல் உக்ரைனின் மெலிட்டோபோலில் ரஷ்யப் படையினர் ஏறக்குறைய 50 லட்சம் டாலர் மதிப்புள்ள ஜான் டியர் வண்டிகளைத் திருடிச் செச்சென்யா வரை கொண்டுபோனார்கள். அங்கே போய்ச் சாவி போட்டால் அசையவில்லை, தொலைவிலிருந்தே பூட்டியாகிவிட்டது. உலகமே கை தட்டியது. கை தட்டிய விவசாயிகளில் சிலருக்குப் பாதியில் கை நின்றிருக்கும்: திருடனுக்குப் பூட்ட முடிகிற வண்டியை எனக்கும் பூட்ட முடியும் அல்லவா? அதே வருடம் லாஸ் வேகஸில் ஒரு கணினி ஆசாமி ஜான் டியர் திரையின் மென்பொருள் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து, அதில் ‘டூம்’ என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டை ஓட்டிக் காட்டினார். 2023-இல் கொலராடோ மாநிலம், விவசாயி தன் டிராக்டரைத் தானே பழுதுபார்க்க வழிவிட வேண்டும் என்று சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இதே பழுதுபார்ப்பு விஷயத்தில் ஜான் டியர் மேல் வழக்குத் தொடுத்தது. இதற்கிடையில் அங்கே ஏலங்களில் நாற்பது வருடப் பழைய வண்டிகளுக்கு அடிதடி. அது இரும்பின் மேல் வந்த பக்தி என்று நினைத்தால் தப்பு. மடிக்கணினி இல்லாமல் திறக்கலாமே என்ற நிம்மதிக்குக் கொடுக்கும் விலை.

என்னைக் கேட்டால், நாலு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்தச் சண்டையே வேண்டாம். மணிக்கணக்கில் வாடகைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நடுவயலில் நின்றுபோனால் தானே இறங்கிப் பார்க்கத் தெரிந்த ஓட்டுநரா என்று மட்டும் முதலில் விசாரிக்க வேண்டும். அப்புறம் மீட்டர். புது வண்டியில் மணிக்கணக்கு பளிச்சென்று திரையில் தெரியும். பழைய வண்டியில் அந்த மீட்டர் எப்போதோ நின்றிருக்கும். ரெண்டு மணி நேரமா, ரெண்டரையா என்பது ஓட்டுநர் வாயிலிருந்துதான் வரும், அவரும் இடையில் குடித்த டீயைக் கழிக்க மாட்டார்.