தெரியாத கீலை வாங்குவது எப்படி?

கதவை மூடினால் கீல் கண்ணில் படக் கூடாது. கூடுதல் காசு கொடுப்பதே அதற்காகத்தான். பீளமேட்டிலோ பொள்ளாச்சியிலோ வீட்டுவேலை முடியும் கட்டத்தில் இருப்பவர்கள் இதை மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள். "ஏனுங் மாப்ள, கண்ணுக்கே தெரியாத சாமானுக்கா இத்தன ரூவா?" என்பார். பதில் சொல்ல முயல வேண்டாம். நிலவுக் கதவுக்கு நிலம்பூர் தேக்கு வாங்கிக் கஜலட்சுமி செதுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பில்லோடு சேர்த்துக் கீல் கணக்கையும் எழுதிவிடுங்கள்.

அடுத்து, யாரிடம் யோசனை கேட்பது? கோவையில் இதற்குப் பஞ்சமே இல்லை. சொந்தத்தில் ஒருவர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பார், இன்னொருவர் பம்ப் செட் செய்வார், மூன்றாமவருக்கு ஃபவுண்டரி. மூவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். பட்டறையில் பத்து மைக்ரான் பிசகினால் வேலையைத் திருப்பி அனுப்புகிற மனுஷன், கடையில் கீலை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "வெயிட்டா இருக்குதுங்க, நல்ல சாமான்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

கடைக்காரர் "ஜீரோ கிராங்க்கா, எட்டா, பதினாறா?" என்று கேட்பார். பம்ப்காரருக்குக் கிராங்க் ஷாஃப்ட் ஞாபகம் வந்து அரைமணி நேரம் போகும். போகட்டும். கப்போர்டின் ஓரப் பலகையைக் கதவு முழுக்க மூடினால் ஜீரோ. நடுப்பலகையை இரண்டு கதவுகள் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொண்டால் எட்டு. கதவு சட்டத்துக்கு உள்ளேயே உட்கார்ந்தால் பதினாறு. இது தெரிந்துகொண்டால் தேர்வு இரண்டு நிமிடத்தில் முடிந்து குடும்ப உல்லாசம் கெட்டுவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஜீரோவே வாங்கி வாருங்கள். நடுப்பலகையில் இரண்டு கதவும் முட்டிக்கொள்ளும்போது ஆசாரி பார்த்துக்கொள்வார்.

சட்டைப்பையில் காந்தம் வைத்திருக்கும் சித்தப்பா ஒருவர் அவசியம். ஒட்டவில்லை என்றால் 304 ஸ்டீல் என்பார். 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான 202-இலும் காந்தம் ஒட்டுவதில்லை என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லக் கூடாது. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

கடையில் ஜெர்மன் பெயர், ஆஸ்திரியப் பெயர் எல்லாம் அடுக்கியிருக்கும். மிரள வேண்டாம். ஹெட்டிச் கம்பெனி 1888-இல் குயில் கடிகாரத்துக்குப் பாகம் செய்து பிழைப்பைத் தொடங்கியது. அதே 1888-இல்தான் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார். 1952-இல் புறப்பட்ட ப்ளூமின் முதல் சரக்கு குதிரை லாடத்தில் பொருத்தும் குமிழ்தான். இதைக் கேட்டதும் ஃபவுண்டரிக்காரர், "அட, நாமளே போட்டிருக்கலாமுங்க" என்பார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரி 'ஆட்டோ ஹிஞ்ச்' என்பது இந்தக் கிண்ணக் கீலைத்தான். 35 மில்லி பிட்டால் கதவின் உட்புறம் வட்டக் குழி எடுப்பார்; விளிம்பிலிருந்து நாலைந்து மில்லி தள்ளி, சுமார் 12 மில்லி ஆழம். 18 மில்லி பிளைவுட்டில் மிச்சம் 6 மில்லி. அந்த நேரத்தில் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டால் பிட் இன்னும் கொஞ்சம் இறங்கும். முன்பக்க லேமினேட்டில் அம்மைக் கொப்புளம்போல் ஒரு புடைப்பு எழும். கீல் மறைந்திருக்கும், இருக்கும் இடம் மட்டும் ஊருக்கே தெரியும். ஏழடிக் கதவுக்கு நாலு, ஐந்து கீல் வேண்டும். "மூணு போதுமுங்க" என்று யாராவது சொல்லியே தீருவார்கள். ஆறு மாதத்தில் கதவு தலை சாயும்போது அவர் வேறு வீட்டில் யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.

உற்சாகம் மிஞ்சிப் படுக்கையறைக் கதவுக்கும் மறைகீல் கேட்பவர்கள் உண்டு. அது வேறு ஜாதி. விளிம்பைக் குடைந்து பதிப்பது. 30 மில்லி ஃப்ளஷ் கதவில் 24 மில்லி அகலத்துக்குப் பள்ளம் வெட்டினால் இருபுறமும் 3 மில்லி மரம் நிற்கும். பாட்டனார் வீட்டில் கதவின் குடுமி மேலும் கீழும் குழியில் சுழன்றது. வெளியே கீலே தெரியவில்லை, அதற்கு யாரும் தனியாகப் பில் போடவுமில்லை.

சிங்க்குக்குக் கீழே மட்டும் நல்ல 304 போடுங்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்கத்தான். பாத்திரம் கழுவும் போர்த் தண்ணீரின் உப்பு கீலைத்தான் முதலில் தின்னும்.

இனி, தெரியாததை எப்படித் தெரியவைப்பது? வீடு குடிபோகும் நாளில் இரண்டு கதவுகளைத் திறந்தே வையுங்கள். யாராவது ஒரு பெரியவர் மூட வருவார். சாஃப்ட் க்ளோஸ் மெதுவாகப் போவது பொறுக்காமல், "மூட மாட்டீங்குதே" என்று ஓங்கி அழுத்துவார். பந்தி முடிந்ததும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். பக்கவாட்டுக்கு ஒரு திருகு, ஆழத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. அரைச்சுற்றுத் திருப்பினால் கதவு நேராகிவிடும். லேத் பட்டறைக்காரர் கையில் மட்டும் டிரைவரைக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று கழற்றிப் பார்ப்பார்.