இன்னொரு பாலிசிக்காரர்

அருப்புக்கோட்டையில் பாலிசி என்றால் எல்.ஐ.சி.தான். ஏஜெண்டைத் தெருமுனையில் கண்டதுமே சந்துக்குள் நுழைந்துவிடுவோம். இப்போது இன்னொரு பாலிசிக்காரர் கிளம்பியிருக்கிறார். இவரை நாமே போன் போட்டு வரவழைக்கிறோம்.

ஜெராக்ஸ் கடை, தறிக் கணக்கு, மல்லிகைப்பூக் கமிஷன் கடை, எங்கே கம்ப்யூட்டர் முனகினாலும் ஆள் ஆஜர். பிரிண்டர் ஓடவில்லையென்றால் நீங்களும் நானும் வயரைப் பார்ப்போம். அது அவருக்குக் கௌரவக் குறைச்சல். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, வருகிற ரன் பெட்டியில் ‘ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சி’ என்று தட்டுவார். விண்டோஸின் குரூப் பாலிசி எடிட்டர் அது; அவருடைய பாலிசியெல்லாம் அதற்குள்தான். ஹோம் எடிஷன் என்றால் அது திறக்காது. ப்ரோவுக்கும் அதற்கு மேற்பட்ட சாதிகளுக்கும்தான் மைக்ரோசாஃப்ட் அதைக் கொடுத்திருக்கிறது. “வீட்டுச் சரக்கை எதுக்கு அண்ணாச்சி கடையில வச்சிருக்கீங்க?” என்று உதட்டைப் பிதுக்குவார்.

திறந்துவிட்டாலோ, ஏகப்பட்ட தடையுத்தரவுகள். தடையை ஏனேபிள் செய்தால் வேலை நிற்கும். டிசேபிள் செய்தால் நடக்கும். “வரமாட்டேன்னு சொல்லமாட்டேன்” என்று பத்திரிகை வாங்கிக்கொள்ளும் தாய்மாமனோடு பழகியவர்களுக்கே இது விளங்கும்.

திருச்சுழியில் என் நண்பர் கடை. வேலைக்கு நிற்கும் பையன் திரையில் தினம் ஒரு நடிகர் படத்தை மாற்றுகிறான் என்பதுதான் புகார். பாலிசிக்காரர் அதை நிறுத்தினார். அதோடு கை நின்றதா? கண்ட்ரோல் பேனலை மூடினார். டாஸ்க் மேனேஜரை மூடினார். சூட்டோடு சூடாக ரன் பெட்டியையும் தூக்கினார். போட்டவன், போடாதவன் என்று பாராமல் இந்தச் சட்டம் எல்லோரையும் கட்டும் என்பது, திரும்ப உள்ளே போக ரன்னை அமுக்கியபோதுதான் தெரிந்தது. கமலைக் கிணற்றில் இறங்கிக்கொண்டு கயிற்றை அறுத்த கதை.

சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளவும் என்றது திரை.

“அது யாரு தம்பி? நம்பர் இருந்தா போடு” என்றார் நண்பர்.

பாலிசிக்காரரிடமிருந்து பேச்சில்லை. ‘நான் யார்?’ என்று விசாரிக்கச் சொன்ன ரமணர் 1879-இல் பிறந்த ஊர் அல்லவா. குண்டாற்றுச் சீமைக்கருவேலங்காட்டை வெறித்தபடி அவரும் அந்த விசாரணையில் இறங்கிவிட்டார்.

டீ வாங்கிவந்த பையன் தூக்குவாளியைக் கீழே வைத்தான்.

“அண்ணே, சி டிரைவுல விண்டோஸ், அதுக்குள்ள சிஸ்டம்32. அந்த ஜிபிஎடிட் அங்கதானே கெடக்கு? டபுள் க்ளிக் பண்ணிப் பாக்கவா?”