ஊசிக்கு உபசாரம்

இசைத்தட்டுக்கு மறுபடி மவுசு வந்ததில் ஊசிக்குத்தான் யோகம். 78 சுழற்சித் தட்டுக் காலத்தில் எஃகு ஊசி. ஒரு பக்கம் பாடி முடித்ததும் கழற்றி எறிய வேண்டும் என்பது விதி. அரக்குத் தட்டில் கல்பொடி கலந்ததே ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருத்தத்தான். நம்மவர்கள் ஒரே ஊசியில் ஒரு கல்யாணத்தையே ஒப்பேற்றினார்கள். தேய்ந்தது ஊசியா, பாகவதர் குரலா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இப்போதோ வைரமுனை. பள்ளத்தை அழுத்தும் பாரம் சுமார் 2 கிராம். நடக்கும் சேவையோ கர்ப்பகிரகத் தரம். குட்டித் தூரிகை, ஜெல் கட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், போதாததற்குப் பூதக்கண்ணாடி. பின்னாலிருந்து முன்னால் மட்டுமே துடைக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும். ஆல்கஹால் கூடினால் வைரத்தை ஒட்டிய பசையே இளகலாம்.

உண்மையில், மெலமைன் ஸ்பாஞ்சுத் துண்டில் ஊசியை மெல்ல இறக்கி ஏற்றினாலே அழுக்கு போய்விடும். ஆனால் அது சமையலறைக் கறை துடைக்கும் சரக்கு, விலையும் சொற்பம். சிக்கலே அங்கேதான்! மலிவாகப் போன அழுக்கு ரசிகர் காதுக்குப் போனதாகவே கேட்பதில்லை.

இத்தனை பக்தியோடு ஊசியைத் துடைத்தவர், அடுத்து உறையிலிருந்து தட்டை உருவி, சட்டை நுனியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுச் சுற்றவிடுகிறார்.